டொட் கொம்மும் டொட் இலங்கையும்

மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குச் செல்லும் பெருவீதியில், கட்டுக்கரைக்குளத்து நீரால் விளையும் வயல்களை அடுத்துள்ள முருங்கனில், அரிசி வியாபாரி ஒருவர் தம் சரக்கை இணையத்தில் விற்க எண்ணுவாராயின், முழுவதும் தமிழெழுத்தில் அமைந்து 'டொட் இலங்கை' என்று முடியும் முகவரியொன்றைப் பெறுவதற்கு அவருக்கு வழியுண்டு என்பதை அறிந்தோர் நம்மிடையே சொற்பமே. உலக இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் நிறுவனம் இந்த ஈற்றுக்கு 2010ஆம் ஆண்டிலேயே அங்கீகாரம் அளித்தது. இலங்கைக்குரிய ஆங்கில எழுத்து ஈறான டொட் எல்கேயைப் பராமரிக்கும் பதிவகமே இதனையும் பராமரிக்கிறது.

புதிய ஈறுகளுக்குப் பஞ்சமில்லை. 2012இல் ஐகான் வாசலைத் திறந்தபோது, ஒரு விண்ணப்பத்துக்கு 185,000 டொலர் கட்டணம் என்றிருந்தும் 1,930 விண்ணப்பங்கள் குவிந்தன. கூகுளின் தாய் நிறுவனமான அல்பபெட் 2015இல் டொட் எக்ஸ்வைஇசட் என முடியும் பெயரைச் சூடிக்கொண்டது. ஆயினும், 1985 முதல் ஜனங்களின் நாவிலும் விரலிலும் பழகிப்போய், இன்று 15 கோடிக்கு மேற்பட்ட பெயர்களைத் தாங்கிநிற்கும் டொட் கொம்மின் ஸ்தானத்தை அவற்றுள் ஒன்றேனும் அசைத்ததாகத் தெரியவில்லை. மலிவாகக் கிடைத்த சில ஈறுகளை மோசடிக்காரர் மொய்த்தமையால், அவற்றிலிருந்து வரும் மின்னஞ்சல்கள் சந்தேகத்துடனேயே நோக்கப்படுகின்றன.

தமிழ் ஈற்றின் சங்கடமோ வேறு. ரோம எழுத்தை ஆதாரமாகக் கொண்டு எழுந்த பெயர் முறையில், தமிழ் முகவரி உள்ளே ரோம எழுத்துக் குறியீடாக மாற்றப்பட்டே வழங்குகிறது. உலாவிகள் இதனைச் செவ்வனே செய்தாலும், பதிவுப் படிவங்களும் மின்னஞ்சல் சேவைகளும் பல இடங்களில் அத்தகைய முகவரியைப் பிழையென்று திருப்பியனுப்பிவிடுகின்றன. அன்றியும், தமிழிலேயே பேசி, தமிழிலேயே விலை கூறும் நம்மவர், கைத்தொலைபேசியில் 'அரிசி' என்பதையும் ஆங்கில எழுத்திலன்றோ தட்டுகிறார்கள்!

என் அபிப்பிராயத்தில், இவ்வீற்றின் மெய்யான போட்டியாளர் டொட் கொம் அன்று. காசின்றிக் கிடைக்கும் பேஸ்புக் பக்கமும் வட்ஸ்அப் இலக்கமுமே. சொந்த முகவரியே வேண்டாமென்றிருக்கும் வியாபாரியிடம் எந்த ஈறு சிறந்தது என்று விவாதிப்பதில் பிரயோஜனம் இல்லை. வேண்டுமென்பவர், மின்னஞ்சலுக்கு டொட் எல்கே பெயரொன்றையும், கடைப்பலகையிலும் அரிசிப் பையிலும் பொறிக்கத் தமிழ்ப் பெயரொன்றையும் பெற்று, இரண்டையும் ஒரே தளத்துக்குத் திருப்பிவிடலாம்.