அகழிக்குள் அடங்கிய மதில்

இடிபாடுகளைப் போரே உண்டாக்குகிறது என எண்ணுகிறோம். மதுரைக் கோட்டையின் வரலாறு வேறு. 1764-இல் கான் சாகிப் யூசுப் கான் காத்து நின்ற அக்கோட்டையை ஆங்கிலேயரும் நவாபும் தாக்கி வெல்ல இயலவில்லை; உடனிருந்தோரின் துரோகமே அவரைப் பிடித்துக் கொடுத்தது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குப் பின், நெரிசலில் தவித்த நகரை விரிவாக்க முனைந்த கலெக்டர் பிளாக்பர்ன், மதிலை இடித்து அகழியைத் தூர்ப்போருக்கு அந்நிலத்தையே அளிக்க முன்வந்தார். கல்லையும் மண்ணையும் தொலைவுக்குச் சுமக்கத் தேவையின்றி, மதிலே அருகிருந்த பள்ளத்தை நிரப்பிற்று. சிக்கனமான ஏற்பாடுதான்! அவ்விடத்தில் புதிய தெருக்கள் எழுந்தன. நில அளவையாளர் மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் அவற்றுள் பெயராக நிலைத்தனர். கடப்பாரை பிடித்தோருக்கு அதுவும் இல்லை. மதிலின் பருமனை அறிய விரும்புவோருக்குப் பெரியார் பேருந்து நிலையத்தருகே ஒரு கொத்தளம் எஞ்சியுள்ளது.