கதையோடு பெயரும் வரட்டும்... லிங்க் பகிர்வதில் சில மரியாதைகள்!

காலை ஆறு மணிக்கு 'குட் மார்னிங்' ரோஜாப்பூவுக்குப் பின்னாலேயே ஒரு குட்டிக்கதையும் வாட்ஸ்அப்பில் வந்து விழுவது இப்போது பல வீடுகளில் வழக்கம். கடைசி வரியில் கண் கலங்க வைக்கும். அடியில் 'படித்ததில் பிடித்தது' என்று மட்டும் இருக்கும். 'யார் எழுதினது?' என்று கேட்டால், 'தெரியலப்பா, ஃபார்வர்டுல வந்துச்சு' என்பதே பதில்.

ஆனால், அந்தக் கதையை யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். சமையலை முடித்துவிட்டு செல்போனில் தட்டிய இல்லத்தரசியாக இருக்கலாம். ஓய்வுபெற்ற ஆசிரியராக இருக்கலாம். கல்லூரி மாணவராக இருக்கலாம். இப்படி எழுதும் பலருக்குக் காசு கிடைப்பதில்லை. கிடைப்பதெல்லாம் பெயரும், நாலு வாசகர்களும்தான்.

'கதை பரவினா எழுதினவங்களுக்கு நல்லதுதானே?' என்று கேட்கலாம். லிங்க்கோடு பரவினால் நல்லதுதான். பிரதிலிபி மாதிரியான தளங்களில் ஒரு கதையை எத்தனை பேர் வாசித்தார்கள் என்ற எண்ணிக்கை தெரியும். நட்சத்திர மதிப்பீடு, விமர்சனம் எல்லாம் அங்கேயேதான் சேரும். கதையை மட்டும் காப்பி செய்து ஆயிரம் பேருக்கு அனுப்பினாலும், அந்த எண்ணிக்கையில் ஒன்றுகூட ஏறாது. படித்து உருகியவர் அதே கையின் அடுத்த கதையைத் தேடிப் போகவும் வழியில்லை.

இது புதிய தலைவலி அல்ல

தமிழில் வலைப்பூக்கள் பெருகிய காலத்தில், 2004-ல் 'தமிழ்மணம்' திரட்டி வந்தது. யார் புதிதாக என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அங்கே பட்டியலாகத் தெரியும். தலைப்பைத் தொட்டால் எழுதியவரின் பக்கத்துக்கே போய்விடலாம். வாசகர் எழுத்தாளரின் வாசலுக்குப் போய் வந்த காலம் அது.

அப்போதும் தொல்லை இருந்தது, வேறு வடிவத்தில். பதிவைப் படிக்காமலேயே 'அருமை! நம்ம பக்கமும் வாங்க' என்று லிங்க்கை ஒட்டிவிட்டுப் போவார்கள். உலகம் முழுக்க விளம்பரதாரர்களும் இதையே செய்தார்கள். ஒரு பக்கத்துக்கு எத்தனை இடங்களிலிருந்து லிங்க் வருகிறது என்பதைத் தேடுபொறிகள் சிபாரிசாக எடுத்துக்கொள்ளும் என்பதால், கண்ட இடத்திலெல்லாம் லிங்க்கைத் தூவினார்கள். கடைசியில் 2005 ஜனவரியில் கூகுள், யாஹூ, எம்.எஸ்.என் மூன்றும் 'நோஃபாலோ' என்ற குறியீட்டை ஏற்றுக்கொண்டன. அந்தக் குறி இருக்கும் லிங்க்கை சிபாரிசாகக் கணக்கில் எடுக்க மாட்டோம் என்பதே அப்போது அதன் பொருளாக இருந்தது.

வாட்ஸ்அப் வந்தபோது லிங்க் போய், முழுக் கதையே கைமாறத் தொடங்கியது. 2018-ல் 'ஃபார்வர்டட்' என்ற அடையாளம் வந்தது. அதே ஆண்டு இந்தியாவில், ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி கட்டுப்பாடும் வந்தது. பல கை மாறி வரும் செய்தியை ஒரு நேரத்தில் ஓர் இடத்துக்கு மட்டுமே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் இது இன்னும் இறுகியது. எல்லாம் வதந்தியைத் தடுக்க வந்தவை. எழுதியவர் யார் என்பதை அந்தக் குறி சொல்வதில்லை.

பெயர் என்பது உரிமை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-ன் 57-வது பிரிவு, படைப்பை வேறொருவருக்கு விற்றுவிட்டால்கூட 'இதை எழுதியது நான்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைப்பாளிக்கு உண்டு என்கிறது.

இலவசமாகத் தருபவர்களும் இதைக் கேட்கிறார்கள். 1998 பொங்கலன்று தொடங்கப்பட்ட 'மதுரைத் திட்டம்' பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் மூலம் மின்நூலாக்கி இணையத்தில் தருகிறது. கோப்பை யாருக்கும் கொடுக்கலாம். முன்னால் இருக்கும் முகப்புப் பக்கத்தை மட்டும் நீக்கக் கூடாது என்பதே நிபந்தனை. தட்டச்சு செய்தவர், பிழை திருத்தியவர் பெயரெல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும்.

பிறர் எழுத்தைப் பகிரும்போது...

* லிங்க் இருந்தால் அதையே அனுப்பலாம். வீட்டுப் பெரியவர்களுக்கு லிங்க் திறக்கச் சிரமம் என்றால், முதல் சில வரிகள், எழுதியவர் பெயர், லிங்க் மூன்றையும் சேர்த்து அனுப்பலாம்.

* பெயரில்லாமல் வந்த கதையின் ஒரு வரியை மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுளில் தேடினால், பல நேரம் மூலம் கிடைத்துவிடும். கிடைக்கவில்லையா? 'எழுதியவர் தெரியவில்லை' என்று போடுவதே நேர்மை. சுஜாதா, அப்துல் கலாம் என்று பிரபலத்தின் பெயரை ஒட்டுவது இருவருக்குமே அநியாயம்.

* ஸ்கிரீன்ஷாட் எடுத்தால், பெயர் இருக்கும் பகுதியை வெட்டிவிடக் கூடாது.

* முடிவை மாற்றுவது, ஊர்ப்பெயரை மாற்றுவது வேண்டாம்.

சொந்த எழுத்தைப் பகிரும்போது...

* எழுத்துக் குழுவில் சேர்ந்ததும் முதல் வேலையாகத் தன் லிங்க்கைப் போடுவது, விருந்துக்குப் போன வீட்டில் கடை விரிப்பது மாதிரி. முதலில் மற்றவர்கள் எழுதியதைப் படித்து, நாலு வரி கருத்துச் சொன்னால், பிறகு தானாகவே கேட்பார்கள்: 'நீங்க என்ன எழுதியிருக்கீங்க?'

* குழுவின் விதியை அட்மினிடம் கேட்டுக்கொள்வது நல்லது. வாரம் ஒரு லிங்க் என்றால் ஒன்றுதான்.

* மற்றவரின் கதைக்கான பாராட்டுக்கு நடுவிலும், இரங்கல் செய்திக்கு அடியிலும் தன் லிங்க் வேண்டவே வேண்டாம்.

* வெறும் லிங்க்கை வீசாமல், அது சிறுகதையா, தொடரா, படிக்க எத்தனை நிமிடம், சந்தா கட்ட வேண்டுமா என்று ஒரு வரி சேர்க்கலாம். விளக்கமில்லாத லிங்க்கைத் தொடப் பலரும் பயப்படுகிறார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. லிங்க்கைத் தொட்டுப் பணத்தை இழந்தவர்கள் அழைக்க 1930 என்ற சைபர் குற்ற உதவி எண் இருக்கிறது.

பெயரையும் லிங்க்கையும் சேர்க்க அரை நிமிடம் போதும். எழுதியவருக்கோ, அது ஒரு புதிய வாசகர். அந்த ஒருவரை நம்பித்தான் பலர் இரண்டாவது கதையை எழுதத் தொடங்குகிறார்கள்.