சர்வே ரிசல்ட்டை நம்பலாமா? போலி பதில்கள் நுழைவது எப்படி, பிடிபடுவது எப்படி?

நைட் ஷிப்ட் முடிந்து சிங்கப்பெருமாள் கோவிலில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்குகிறீர்கள். கையில் டேப்லெட்டோடு ஒருவர் வருகிறார். "அண்ணா, பைக் பத்தி ஒரு சின்ன சர்வே, பத்தே நிமிஷம்." தூக்கம் சொக்கும் கண்ணுக்கு பத்து நிமிஷமே ஜாஸ்தி. "வேணாம்பா" என்று நடையைக் கட்டுவீர்கள்.

அவருக்கு அன்றைக்கு எட்டு பேர் டார்கெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் முடித்த ஃபார்முக்குத்தான் காசு, அலைந்த அலைச்சலுக்கு இல்லை. மத்தியானம் வரை ரெண்டு பேர்தான் தேறினார்கள் என்றால், மிச்ச ஆறு ஃபார்மும் டீக்கடை பெஞ்சிலேயே நிரம்பிவிடும் ஆபத்து இருக்கிறது. மார்க்கெட் ரிசர்ச் துறையின் பழைய தலைவலி இதுதான்.

இதனால் நமக்கு என்ன? ஒரகடம் பக்கம் வேலை பார்க்கிறவர்கள் எந்த வண்டி கேட்கிறார்கள், மாசத் தவணை எவ்வளவு தாங்குவார்கள் என்பதையெல்லாம் கம்பெனிகள் இந்த மாதிரி பதில்களை வைத்துத்தான் கணிக்கின்றன. இந்தியோ ஒடியாவோ மட்டும் தெரிந்த தொழிலாளியிடம் தமிழ் ஃபார்மோடு போய், அவர் பதிலை இவரே குத்துமதிப்பாகப் போட்டுவிட்டால், அந்தத் தொழிலாளி கணக்கிலேயே இல்லை.

எப்படிப் பிடிக்கிறார்கள்?

முதல் வழி, பேக்-செக். பதில் சொன்னதாகக் கணக்கு காட்டியவர்களில் சிலருக்கு வேறொருவர் போன் போட்டு, "உங்ககிட்ட நிஜமாவே கேட்டாங்களா?" என்று விசாரிப்பார். டேப்லெட்டும் சாட்சி சொல்லும். எட்டு வீடு ஏறியதாகச் சொல்லி, ஜிபிஎஸ் ஒரே இடத்தைக் காட்டினால் கதை முடிந்தது. இருபது நிமிஷ ஃபார்ம் ஆறு நிமிஷத்தில் முடிந்தாலோ, எல்லாக் கேள்விக்கும் வரிசையாக '4' விழுந்திருந்தாலோ சந்தேகம்தான். பேச்சைப் பதிவு செய்து கேட்டுப் பார்ப்பதும் உண்டு.

"உங்க வீட்ல யாராவது டிவி, விளம்பரம், மார்க்கெட் ரிசர்ச் துறையில இருக்காங்களா?" என்று ஆரம்பத்திலேயே கேட்பார்களே, அதுவும் ஒரு வடிகட்டிதான். "ஆமா" என்றால் பெரும்பாலும் அங்கேயே நன்றி சொல்லி முடித்துவிடுவார்கள்.

நாட்டையே உலுக்கிய டிஆர்பி வழக்கு

இதை ஒரு டிவி சேனலின் தளத்தில் படிக்கிறீர்கள், அதனால் எங்கள் துறைக் கதையையும் சொல்லியாக வேண்டும். டிவி பார்வையாளர்களை அளப்பது பார்க் அமைப்பு. 2020-ல் சுமார் 44,000 வீடுகளில் அதன் மீட்டர் இருந்தது. நாட்டில் டிவி உள்ள வீடுகளோ ஏறக்குறைய 20 கோடி. அதாவது ஒரு மீட்டர் வீடு, நாலாயிரத்துக்கும் அதிகமான வீடுகளுக்காகப் பேசியது. அந்த ஒரு வீட்டை வளைத்தால் போதும்!

அப்படி வளைத்ததாகத்தான் 2020 அக்டோபர் 8-ம் தேதி மும்பை போலீஸ் குற்றம்சாட்டியது. மீட்டர் வைத்த வீடுகளுக்கு மாதம் 400, 500 ரூபாய் கொடுத்து, குறிப்பிட்ட சேனலை ஓடவிடச் சொன்னார்களாம். இங்கிலீஷ் தெரியாத வீட்டில்கூட இங்கிலீஷ் சேனல் ஓடியது என்றது போலீஸ். எந்த வீட்டில் மீட்டர் இருக்கிறது என்பது ரகசியமாக இருக்க வேண்டும். அது கசிந்ததுதான் பிரச்னையின் வேர்.

ஒரே வாரத்தில் செய்தி சேனல்களின் தனித்தனி ரேட்டிங்கை பார்க் நிறுத்தியது. 12 வாரம் என்றார்கள். திரும்ப வந்தது 2022 மார்ச்சில், அதுவும் நாலு வார சராசரியாக. வழக்கை அரசே வாபஸ் வாங்க 2024-ல் மும்பை நீதிமன்றம் அனுமதித்தது. குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை.

ஆன்லைனில் இன்னும் சுலபம்

இங்கே டீக்கடை பெஞ்ச்கூட தேவையில்லை. அமெரிக்காவில் 2025 ஏப்ரலில், இரண்டு சர்வே நிறுவனங்களோடு தொடர்புடைய 8 பேர் மீது சுமார் 1 கோடி டாலர் மோசடி வழக்கு பதிவானது. ஆட்களைப் பிடித்து ஒரே சர்வேயைத் திரும்பத் திரும்ப எழுத வைத்தார்கள், இருக்கும் இடம் தெரியாமல் மறைக்க விபிஎன் பயன்படுத்தச் சொன்னார்கள் என்பது புகார். அந்த ஆட்களுக்கு அவர்கள் வைத்த பெயர் 'எறும்புகள்'.

பியூ ஆய்வு மையம் 2022-ல் ஒரு வேடிக்கை பார்த்தது. யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய ஆன்லைன் சர்வேயில், "அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் ஓட்ட லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டது. 30 வயதுக்குட்பட்டவர்களாகப் பதிவானவர்களில் 12 சதவீதம் பேர் "இருக்கு" என்றார்கள்!

இப்போது ஏஐ வேறு. 2025-ல் டார்ட்மவுத் கல்லூரி ஆய்வாளர் ஷான் வெஸ்ட்வுட் உருவாக்கிய ஏஐ, 'கவனமாகப் படிக்கிறீர்களா' என்று சோதிக்கும் கேள்விகளில் 99.8 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. ஆன்லைனில் பேக்-செக் செய்ய ஆளே இல்லாத நிலைமை வரலாம்.

உங்களிடம் சர்வே கேட்டால்?

நிஜமான சர்வேக்காரர் ஓடிபி, வங்கி விவரம், முன்பணம் எதுவும் கேட்க மாட்டார். "சர்வே எழுதினா தினம் 2,000 ரூபாய், முதல்ல டெபாசிட் கட்டுங்க" என்று டெலிகிராமில் மெசேஜ் வந்தால் அது சர்வே இல்லை, சைபர் மோசடி. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

"போன வாரம் உங்ககிட்ட பைக் பத்தி கேட்டாங்களா சார்?" என்று ஒரு போன் வந்தால் மட்டும் கட் பண்ணிவிடாதீர்கள். கேட்கவே இல்லை என்றால், "இல்லையேப்பா" என்று சொல்லிவிட்டு வையுங்கள்.