வைரத் தோடு வாங்கப் போறீங்களா? ஹால்மார்க் இருந்தா மட்டும் போதாது!

நகைக்கடையில் 'எத்தனை சென்ட்?' என்று கேட்பதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். 100 சென்ட் ஒரு கேரட், அதாவது 0.2 கிராம். அது எடைதான், தரம் இல்லை.

ஏழு கல் தோட்டையே எடுத்துக்கொள்வோம். ஜோடிக்கு 14 கல். மொத்தம் ஒரு கேரட் என்றால் ஒரு கல் சுமார் 7 சென்ட்தான். அதே தரத்தில் ஒரே கல்லாக இருக்கும் ஒரு கேரட் வைரத்தின் விலையோ பல மடங்கு அதிகம். இரண்டையும் ஒப்பிட்டு 'சீப்பா முடிஞ்சுது' என்று சந்தோஷப்பட வேண்டாம்.

நிறத்துக்கு டி முதல் இசட் வரை தரம் உண்டு. டி என்றால் நிறமே இல்லாதது, இசட் பக்கம் போகப்போக மஞ்சள் தட்டும். உள்ளே இருக்கும் புள்ளி, கீறல்தான் கிளாரிட்டி. விவிஎஸ் கல்லில் 10 மடங்கு லென்ஸ் வைத்தாலும் குறையைக் கண்டுபிடிப்பது கஷ்டம். விஎஸ் கல்லிலும் வெறும் கண்ணுக்குப் பொதுவாக எதுவும் தெரியாது. ஜொலிப்புக்கு முக்கியக் காரணம் கட்டிங். பட்டை சரியில்லை என்றால் விவிஎஸ் கல்லும் மங்கலாத்தான் தெரியும்.

நம்ம ஊர் குளோஸ்டு செட்டிங்கில் கல்லின் பின்பக்கம் மூடியிருக்கும். அதனால் பதிக்கும் முன்பே கல்லைப் பார்த்துவிடுவது நல்லது.

ஹால்மார்க் தங்கத்தின் தூய்மைக்கு மட்டுமே. வைரத்துக்குத் தனியாக ஜிஐஏ, ஐஜிஐ போன்ற ஆய்வகச் சான்றிதழ் கேளுங்கள். லேபில் வளர்த்ததும் நிஜ வைரம்தான், ஆனால் விலை மிகக் குறைவு. சாதாரண டெஸ்டர் பேனா இரண்டையும் பிரித்துச் சொல்லாது. எனவே 'இயற்கை வைரம்' என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.