மூச்சுக் காற்றை அளந்தறியும் நொதி

லடாக் பகுதியின் லே நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. அங்கும் காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு 21 சதவீதமே. ஆனால் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். எனவே ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிட்டும் ஆக்ஸிஜன் குறைந்துவிடுகிறது. சமவெளியிலிருந்து சென்றவர் சில வாரங்கள் அங்கே தங்கினால் அவரது ரத்தத்தில் சிவப்பணுக்கள் பெருகுகின்றன. ஆக்ஸிஜன் குறைந்ததை உடல் எவ்வாறு அறிகிறது? உயிரணுக்களுக்குள் பணியாற்றும் ஒரு நொதியே இதற்கு விடையாகும்.

உருவாகி உடனே அழியும் புரதம்

உயிரணுக்களில் எச்.ஐ.எப். என்னும் புரதம் இடையறாது உற்பத்தியாகிறது. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனுக்கான மரபணுவையும், புதிய ரத்தக் குழாய்களை வளர்க்கும் மரபணுவையும் முடுக்கிவிடுவது இதன் பணி. ஆக்ஸிஜன் போதுமான அளவில் இருக்கும்போது இப்பணிக்குத் தேவையில்லை. அப்போது இப்புரதம் உருவான சில நிமிடங்களிலேயே அழிக்கப்படுகிறது.

அழிவுக்கான அடையாளத்தை இடுவது பி.எச்.டி. எனச் சுருக்கமாக வழங்கும் புரோலில் ஹைட்ராக்ஸிலேஸ் நொதியாகும். எச்.ஐ.எப். புரதத்திலுள்ள புரோலின் என்ற அமினோ அமிலத்தில் இது ஓர் ஆக்ஸிஜன் அணுவைச் சேர்க்கிறது. இவ்வாறு மாற்றப்பட்ட புரதத்தை வி.எச்.எல். என்னும் மற்றொரு புரதம் பற்றிக்கொள்ள, உயிரணுவின் கழிவு நீக்கும் அமைப்பு அதைச் சிதைத்துவிடுகிறது. நொதியின் வேலைக்கு ஆக்ஸிஜனும் இரும்பும் இன்றியமையாதவை. ஆக்ஸிஜன் குறைந்தால் நொதியின் வேகம் தளர்கிறது; எச்.ஐ.எப். பிழைத்து, உட்கருவை அடைந்து, தன் பணியைத் தொடங்குகிறது.

2001-ஆம் ஆண்டில் இந்நொதி இனங்காணப்பட்டது. இத்துறையில் வழிவகுத்த அமெரிக்கர்களான வில்லியம் கேலின், கிரெக் செமன்சா, பிரிட்டனைச் சேர்ந்த பீட்டர் ராட்கிளிஃப் ஆகிய மூவருக்கும் 2019-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நொதியின் அளவை வகுப்பது எது?

இந்நொதியில் மூன்று வகைகள் உண்டு. அவற்றுள் இயல்பான நிலையில் பெரும்பங்கு வகிப்பது பி.எச்.டி.-2 ஆகும். இந்நொதிக்கான மரபணுவை முடுக்கிவிடுவதும் எச்.ஐ.எப். புரதமே என்பது வியப்புக்குரியது. தன்னை அழிக்கும் நொதியைத் தானே பெருக்குகிறது எனலாம். மூன்றாம் வகை நொதியும் இவ்வாறே பெருகுகிறது; முதல் வகையோ ஆக்ஸிஜன் குறைவால் பெருகுவதில்லை.

இதனால் விளையும் நன்மைகள் இரண்டு. ஆக்ஸிஜன் குறைவு நீடிக்கும்போது, ஒவ்வொரு நொதி மூலக்கூறின் வேகம் தளர்ந்திருந்தாலும், மூலக்கூறுகளின் எண்ணிக்கை கூடுவதால் எச்.ஐ.எப். அளவு கட்டுக்கடங்காமல் உயர்வதில்லை. ஆக்ஸிஜன் மீண்டும் கிட்டியவுடன், முன்னரே திரண்டிருக்கும் நொதி எச்.ஐ.எப். புரதத்தை விரைவில் அகற்றிவிடுகிறது. நீர் நிரம்பியதும் மிதவை உயர்ந்து குழாயை அடைப்பது போன்ற ஏற்பாடு இது.

சமநிலை பிறழ்ந்தால்

இக்கட்டுப்பாடு தளர்ந்தால் தீங்கு நேர்கிறது. பி.எச்.டி.-2 மரபணுவில் ஏற்பட்ட மாற்றத்தால் ஒரு குடும்பத்தினருக்குச் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகியிருந்தது 2006-இல் தெரியவந்தது. சிவப்பணுக்கள் மிகுந்தால் ரத்தம் தடித்து, குழாய்களில் உறையும் அபாயம் கூடுகிறது. திபெத்திய மக்களிடம் இம்மரபணுவின் தனி வடிவங்கள் காணப்படுவதும், மலைவாழ்வுக்கு அவர்கள் இசைந்திருப்பதும் தொடர்புடையவை எனக் கருதப்படுகிறது. இந்திய ஆய்வாளர்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், உயரமான இடங்களில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் நோய்க்கும் இம்மரபணுவின் வேறுபாடுகளுக்கும் உள்ள தொடர்பைச் சுட்டிக்காட்டினர்.

நோயாளிகளுக்குப் பயன்

எரித்ரோபொயட்டின் பெரும்பாலும் சிறுநீரகத்தில் சுரக்கிறது. எனவே நாட்பட்ட சிறுநீரக நோயாளிகள் ரத்தசோகைக்கு ஆளாகின்றனர். படியேறவும் இயலாத சோர்வு அவர்களை வேலைக்குச் செல்ல விடாமல் முடக்குகிறது. இந்த ஹார்மோனை ஊசி மூலம் செலுத்துவது வழக்கமான சிகிச்சை. அந்த ஊசி மருந்தைக் குளிர்சாதனப் பெட்டியில் பாதுகாக்க வேண்டும். மின்வசதி சீராக இல்லாத ஊர்களில் இது எளிதன்று.

பி.எச்.டி. நொதியைச் சிறிது தடுத்தால், ஆக்ஸிஜன் குறைந்துவிட்டதாக உயிரணுக்கள் கருதி, உடலிலேயே ஹார்மோனைச் சுரக்கும். இக்கருத்தின் அடிப்படையில் வாய்வழி மருந்துகள் உருவாயின. இந்திய நிறுவனம் ஒன்று உருவாக்கிய டெசிடுஸ்டாட் மாத்திரைக்கு 2022-இல் நம் நாட்டில் அனுமதி கிடைத்தது.

எனினும் எச்சரிக்கை அவசியம். எச்.ஐ.எப். பல மரபணுக்களை முடுக்குவது. புற்றுக் கட்டிகளும் இதன் துணையால் ரத்தக் குழாய்களைப் பெருக்கிக்கொள்வதுண்டு. ஆகவே இம்மாத்திரைகளை மருத்துவர் மேற்பார்வையில், ஹீமோகுளோபின் அளவை அவ்வப்போது சோதித்தே உட்கொள்ள வேண்டும். உடலில் இரும்புச்சத்துப் பற்றாக்குறை இருப்பின் அதையும் ஈடுசெய்தாக வேண்டும். இரும்பு இல்லாமல் ஹீமோகுளோபின் உருவாகாது. உயிரணு தனக்குத்தானே விதித்துக்கொண்ட கட்டுப்பாட்டை, மருந்தால் சற்றே தளர்த்துவது பயனுள்ளது. முற்றிலும் அகற்றுவது ஆபத்தானது.