‘ஜிஞ்சர்’ சொல்லில் ஒளிந்திருக்கும் வேர்

தேக்கா சந்தையில் நாம் வாங்கும் இஞ்சிக்கு ஆங்கிலத்தில் ‘ஜிஞ்சர்’ என்று பெயர். இரண்டு பெயர்களும் ஒன்றுபோல ஒலிப்பது தற்செயல் அன்று.

‘இஞ்சி’, ‘வேர்’ ஆகிய இரண்டும் சேர்ந்த பழைய தென்னிந்தியச் சொல்லே இதன் மூலம் என்கிறார்கள் மொழியியல் அறிஞர்கள். அது பாலி மொழியில் ‘சிங்கிவேர’ ஆனது. வணிகர்களோடு கடல் கடந்து கிரேக்கத்தில் ‘சிங்கிபெரிஸ்’, லத்தீனில் ‘சிங்கிபெர்’ எனத் திரிந்து, கடைசியில் ஆங்கிலத்தை அடைந்தது. இன்று செம்பட்டை முடியையும் ஆங்கிலேயர் ‘ஜிஞ்சர்’ என்கிறார்கள்.

அறிவியல் பெயரிலும் இச்சொல் உண்டு. 1807இல் வில்லியம் ராஸ்கோ இஞ்சிக்கு ‘ஜிஞ்ஜிபெர் அஃபிசினாலே’ என்று பெயரிட்டார். அதிலுள்ள ‘பெர்’ நம் ‘வேர்’தான். 2014இல் சிங்கப்பூரின் காட்டு இஞ்சி வகை ஒன்று ‘ஜிஞ்ஜிபெர் சிங்கப்பூரென்சே’ என்ற பெயர் பெற்றது.

ஆனால், நாம் சமையலுக்குப் பயன்படுத்தும் இஞ்சி உண்மையில் வேரா? இல்லை. அது மண்ணுக்குள் கிடைமட்டமாக வளரும் தண்டு. தாவரவியலில் இதை மட்டநிலத்தண்டு என்பார்கள். மஞ்சளும் அப்படித்தான்.

இதை நீங்களே சோதிக்கலாம். ஓர் இஞ்சித் துண்டை உற்றுப் பாருங்கள். வளையம் வளையமாகக் கணுக்கள் தெரியும். அவற்றில் காய்ந்த செதில் இலைகளும் சிறு மொட்டுகளும் இருக்கும். வேருக்குக் கணுக்கள் கிடையாது. அந்தத் துண்டை ஒரு தொட்டியில், ஈர மண்ணில் புதைத்து வையுங்கள். சில வாரங்களில் மொட்டிலிருந்து தளிர் மேலே வரும். உண்மையான வேர்கள் அடியில் இறங்கும்.