தரையில் விரித்த ஊர்

தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகங்கள் மக்களோடு சேர்ந்து வரலாறு எழுதிய கதை

கேப் டவுன் நகரின் பைட்டன்கான்ட் தெருவில் பழைய மெதடிஸ்ட் தேவாலயம் ஒன்று இருக்கிறது. உள்ளே வருகிறவர்கள் முதலில் குனிந்து தரையைத்தான் பார்க்கிறார்கள். தரையை நிறைத்துக்கொண்டு ஒரு தெரு வரைபடம் கிடக்கிறது. அதில் உள்ள தெருக்களில் பல இன்று நகரத்தில் இல்லை. அங்கே குடியிருந்தவர்கள் முழங்காலிட்டு உட்கார்ந்து, தங்கள் வீடு இருந்த இடத்தைத் தேடிப் பிடித்து, அதன்மேல் தங்கள் பெயரை எழுதிவைத்திருக்கிறார்கள்.

இதுதான் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகம். 1867-ல் கேப் டவுனின் ஆறாவது நகராட்சி வட்டமாகப் பிரிக்கப்பட்டதால் அந்தப் பகுதிக்கு அப்படியொரு பெயர். விடுதலையான அடிமைகளின் பிள்ளைகள், கைவினைஞர்கள், துறைமுகக் கூலிகள், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த யூதர்கள், கேப் மலாய் முஸ்லிம்கள் எல்லோரும் சுவருக்குச் சுவர் ஒட்டி வாழ்ந்த பேட்டை அது. 1966 பிப்ரவரி 11 அன்று இனஒதுக்கல் அரசு அதை வெள்ளையர் பகுதி என்று அறிவித்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் 60,000-க்கும் மேற்பட்டவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலும் தேவாலயங்களையும் மசூதிகளையும் விட்டுவிட்டு வீடுகளைப் புல்டோசர் தரைமட்டமாக்கியது. ஜனங்கள் நகரத்துக்கு வெளியே, காற்றும் மணலும் மட்டுமே இருந்த கேப் ஃபிளாட்ஸ் வெளியில் கொண்டுபோய் விடப்பட்டார்கள். அங்கே எழுந்த குடியிருப்புகளில் ஒன்றுக்கு ஹனோவர் பார்க் என்று பெயர். அவர்கள் பறிகொடுத்த கடைத்தெருவின் பெயர் ஹனோவர் தெரு.

அருங்காட்சியகத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான நூர் இப்ராஹிம் தன் நூலில் எழுதியிருக்கும் புறாக் கதையை அங்கே போய்வந்தவர்கள் மறப்பதில்லை. புது வீட்டில் கூண்டு கட்டி, மாதக்கணக்கில் அடைத்துவைத்துப் பழக்கிய புறாக்களை ஒருநாள் திறந்துவிட்டார். மாலையில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. மறுநாள் பழைய பேட்டை வழியாகப் போனவர், இடிக்கப்பட்ட தன் வீட்டு மனையில் அவை உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

புறாக்களுக்கு வரைபடம் தேவைப்படவில்லை. மனிதர்களுக்குத் தேவைப்பட்டது. அந்த வரைபடத்தை மீட்டெடுத்ததில் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அது எவ்வளவு, எப்படி வந்தது, எங்கே சறுக்கியது என்பதுதான் இந்தக் கட்டுரை.

வேலைக்கு ஒரு வரலாறு, போராட்டத்துக்கு ஒரு வரலாறு

‘பப்ளிக் ஹிஸ்டரி’ என்று இன்று உலகம் முழுக்கப் பல பல்கலைக்கழகங்கள் பாடம் நடத்துகின்றன. வகுப்பறைக்கு வெளியே, மக்களோடு சேர்ந்து, மக்களுக்காகச் செய்யும் வரலாற்றுப் பணி என்று சொல்லலாம். இந்தப் பெயரில் முதலில் படிப்பு தொடங்கியது கலிஃபோர்னியாவின் சான்டா பார்பராவில், 1976-ல். வரலாறு படித்த பிள்ளைகளுக்கு ஆசிரியர் வேலை கிடைப்பது குதிரைக் கொம்பாகிவிட்ட காலம் அது. அரசு அலுவலகம், ஆவணக்காப்பகம், கம்பெனி என்று வேறு இடங்களுக்கும் அவர்களைத் தயார் செய்வோம் என்று ராபர்ட் கெல்லி என்ற பேராசிரியர் முன்வந்தார். நியாயமான யோசனைதான். ஆனால் அதன் வேர் வேலைவாய்ப்பில் இருந்தது.

தென்னாப்பிரிக்காவில் இதே பணி வேறு வாசல் வழியாக வந்தது. 1977-ல் ஜோகன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் ‘ஹிஸ்டரி ஒர்க்‌ஷாப்’ பிறந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் சொவேட்டோவில் பள்ளிப் பிள்ளைகள்மீது போலீஸ் சுட்டிருந்தது. சுரங்கத் தொழிலாளியின் வரலாற்றைச் சுரங்கத் தொழிலாளியிடமே கேட்டு எழுத வேண்டும் என்ற எண்ணம் அங்கே வலுத்தது. 1980-களில் கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறை வாய்மொழி வரலாற்றுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. டேப் ரெக்கார்டரோடு மாணவர்கள் கேப் ஃபிளாட்ஸ் வீடுகளுக்குப் போய், டிஸ்ட்ரிக்ட் சிக்ஸிலிருந்து துரத்தப்பட்டவர்களின் கதைகளைக் கேட்டுப் பதிவு செய்தார்கள்.

அதே நகரத்தில் இன்னொரு பல்கலைக்கழகம் இருந்தது. ‘கலப்பினத்தவர்’ என்று அரசு முத்திரை குத்தியவர்களுக்காக 1960-ல் தனியாக ஒதுக்கித் திறக்கப்பட்ட வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகம். இனவாதம் தன் வசதிக்காகக் கட்டிய அந்த வளாகமே 1980-களில் இனவாதத்துக்கு எதிரான கோட்டையாக மாறியது. ஆய்வாளரும் ஆய்வுக்கு உள்ளாகிறவரும் அங்கே வேறு வேறு ஆட்களாக இல்லை. மாணவர்களில் பலர் வெளியேற்றப்பட்ட வீட்டுப் பிள்ளைகள். பாட்டியிடம் கேட்டு எழுதியது அங்கே பாடமும் ஆனது, சாட்சியமும் ஆனது.

இரண்டு வாரக் கண்காட்சி

1988-ல், காலியாகக் கிடந்த டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் நிலத்தில் புதிய குடியிருப்புகள் கட்டலாம் என்ற பேச்சு எழுந்தபோது, ‘டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்மீது கை வைக்காதே’ என்று பழைய குடிகள் இயக்கம் நடத்தினார்கள். அந்த இயக்கத்திலிருந்து அருங்காட்சியகம் பிறந்தது. 1994 டிசம்பர் 10 அன்று, இனஒதுக்கலிலிருந்து விடுதலை கிடைத்த அதே ஆண்டில், முதல் கண்காட்சி திறந்தது. இரண்டே வாரம் என்று திட்டம். கூட்டம் ஓயவில்லை, மூடவும் முடியவில்லை.

அந்தக் கண்காட்சியின் கதாநாயகன் தெருப்பலகைகள்தான். இடிப்பு வேலையில் இருந்த ஒருவர், தூக்கி எறியச் சொன்ன நீல நிறத் தெருப்பலகைகளை ரகசியமாக வீட்டில் பதுக்கிவைத்திருந்தார். இடித்த கையே சான்றையும் காப்பாற்றியிருந்தது. பலகைகள் திரும்பி வந்தபோது மக்களும் கூடவே வந்தார்கள். வரைபடத்தில் பெயர் எழுதினார்கள். நீளமான வெள்ளைத் துணியில் நினைவுகளை எழுதினார்கள். பிறகு மற்றவர்கள் அந்த எழுத்துகளின்மேல் நூல் கோத்துப் பின்னினார்கள்.

பல்கலைக்கழக வரலாற்றாசிரியர்கள் இந்தப் பணியில் இருந்தார்கள். ஆனால் மேடையில் இல்லை. வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகத்தின் சிராஜ் ரஸூல் போன்றவர்கள் அறங்காவலர்களாக, அதே நேரம் செயல்வீரர்களாக இருந்தார்கள். வழிகாட்டிகளாக நின்று கதை சொன்னவர்கள் அங்கே வாழ்ந்தவர்கள். பேராசிரியர் கேட்கும் இடத்தில் உட்கார்ந்தார்.

இதனால் என்ன ஆயிற்று? நினைவு, சட்டத்தின் வாசலுக்குப் போயிற்று. பறித்த நிலத்தைத் திருப்பித் தர 1994-ல் சட்டம் வந்தது. 1913-க்குப் பிறகு நிலம் இழந்தவர்கள் 1998 முடிவதற்குள் உரிமை கோரலாம் என்றது. எந்தத் தெரு, எந்த வீடு, யார் பக்கத்து வீட்டுக்காரர் என்ற கேள்விகள், பதிலைப் பொறுத்து நிலம் கிடைக்கும் கேள்விகளாக மாறின. 1997-ல் நில நீதிமன்றத்தின் அமர்வே இந்த அருங்காட்சியகத்துக்குள் நடந்தது. வரைபடத்தின் மீது நாற்காலி போட்டு வழக்குப் பேசினார்கள்.

2004 பிப்ரவரி 11 அன்று எண்பது வயதைக் கடந்த இரண்டு முதியவர்கள் நெல்சன் மண்டேலாவின் கையால் வீட்டுச் சாவி வாங்கினார்கள். விளக்கேற்றிவைத்த மாதிரி இருந்தது. அதற்குப் பின் வேலை ஆமை வேகம்தான். உரிமை கோரியவர்களில் பலர் வீட்டைப் பார்க்காமலே கண்மூடினார்கள். கடைசியில் உரிமை கோரியவர்களே அரசின்மீது வழக்குத் தொடுக்க வேண்டிவந்தது. வரலாறு எழுதினால் நீதி தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை எவ்வளவு வெகுளித்தனமானது என்பதற்கு அந்தப் புல் முளைத்த மனைகள் சாட்சி.

டர்பனில் நம் ஆட்கள்

மக்களை வெளியேற்றிய இனஒதுக்கல் சட்டத்தின் அடி தமிழர்கள்மீதும் விழுந்தது. 1860 முதல் மதராஸிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் டர்பனின் கேட்டோ மேனரில் காய்கறித் தோட்டம் போட்டுக் கோவில் கட்டி வாழ்ந்தார்கள். நகராட்சித் தொழிலாளர்களாக இருந்த தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் மேகசின் பேரக்ஸில் இருந்தன. 1960-களில் அவர்கள் சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றப்பட்டார்கள். இந்தியர்களுக்கென்று ஒதுக்கித் திறந்த டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்தில் உருவான காந்தி-லுத்துலி ஆவண மையம் இன்று அவர்களின் படங்களையும் குரல்களையும் வைத்திருக்கிறது. அங்கேயும் கதை அதேதான்: ஒதுக்குவதற்குக் கட்டிய கட்டடம், ஒதுக்கப்பட்டவர்களின் நினைவைக் காக்கிறது.

அலமாரிக்குள் இருந்தவர்கள்

மக்களின் வரலாற்றைக் கேட்கப் போகும் பல்கலைக்கழகத்தைப் பார்த்து ஒரு கட்டத்தில் மக்கள் திருப்பிக் கேட்பார்கள்: உங்கள் வரலாறு என்ன?

2000-ல் வரலாற்றாசிரியர் மார்ட்டின் லெகாசிக்கும் சிராஜ் ரஸூலும் ‘அலமாரியில் எலும்புக்கூடுகள்’ என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு நூல் வெளியிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய, தென்னாப்பிரிக்க அருங்காட்சியகங்கள் போட்டி போட்டுக்கொண்டு பூர்வகுடிகளான சான், கோய் மக்களின் கல்லறைகளைத் தோண்டி எலும்புகளைச் சேகரித்ததை ஆவணங்களோடு எழுதினார்கள். அந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக, வியன்னாவுக்குக் கடத்தப்பட்ட கிளாஸ் பீனார், ட்ரூயி பீனார் தம்பதியின் உடல் எச்சங்கள் 2012-ல் தாயகம் திரும்பி, வட கேப் மாகாணத்தில் அடக்கம் செய்யப்பட்டன. நூறு ஆண்டு ‘மாதிரிகள்’ என்ற கணக்கில் இருந்தவர்கள், சவப்பெட்டியில் மனிதர்களாக ஊர் வந்தார்கள்.

2017-ல் கேப் டவுன் பல்கலைக்கழகம் தன் உடற்கூறியல் துறையின் எலும்புத் தொகுப்பைக் கணக்கெடுத்தது. முறைகேடாக வந்தவை என்று சில எலும்புக்கூடுகள் தெரியவந்தன. அவற்றில் ஒன்பது, வறண்ட காரூ பகுதியின் சதர்லாந்து ஊரிலிருந்து வந்தவை. 1920-களில் பல்கலைக்கழகத்தில் படித்த மருத்துவ மாணவர் ஒருவர் தன் குடும்பப் பண்ணையிலிருந்து அவற்றைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். பெரும்பாலும் பண்ணைகளில் வேலைசெய்து மடிந்த சான், கோய் மக்கள் அவர்கள். சிலரின் பெயர்கூடப் பதிவேட்டில் இருந்தது.

சத்தமில்லாமல் புதைத்துவிட்டு அறிக்கை ஒன்று வெளியிட்டிருக்கலாம். பல்கலைக்கழகம் சதர்லாந்துக்குப் போய் அந்த வம்சாவளிக் குடும்பங்களைத் தேடியது. அங்கேதான் யாரும் எதிர்பாராத கேள்வி வந்தது. அவர்களை ஆராய்ச்சி செய்து சொல்லுங்கள் என்று குடும்பங்களே கேட்டன. எங்கள் முன்னோர் எப்படி வாழ்ந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், எப்படிச் செத்தார்கள், எப்படி இருந்தார்கள்? எந்த அறிவியலின் பெயரால் எலும்புகள் திருடப்பட்டனவோ, அதே அறிவியல் இம்முறை குடும்பத்தின் அனுமதியோடு, குடும்பத்தின் கேள்விக்குப் பதில் சொல்ல உட்கார்ந்தது. இங்கிலாந்தின் லிவர்பூலில் உள்ள நிபுணர்கள் மண்டையோட்டைக் கொண்டு முகங்களை வரைந்து கொடுத்தார்கள். 2023 நவம்பரில் சதர்லாந்தில் அவர்கள் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டார்கள்.

டேப் யாருடையது?

இதில் எல்லாம் மெச்சிக்கொள்ள மட்டுமே இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். மாணவர் வருகிறார், அழவைக்கும் கதையைப் பதிவு செய்கிறார், பட்டம் வாங்கிப் போய்விடுகிறார். கதை சொன்ன கிழவிக்குத் தன் குரலைத் திரும்பக் கேட்கக்கூட வழி இருப்பதில்லை. எல்லாவற்றையும் ஒரே கட்டடத்தில் பூட்டிவைப்பதில் இன்னொரு ஆபத்து. 2021 ஏப்ரல் 18 அன்று டேபிள் மலையில் பிடித்த காட்டுத்தீ கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஜாகர் நூலகத்தை எரித்தது. ஆப்பிரிக்க ஆய்வுத் தொகுப்புகள் பல சாம்பலாயின. ஒரு பிரதி அந்தந்த ஊரிலும் இருந்திருக்கலாமே என்று பலர் அன்றைக்கு நினைத்திருப்பார்கள்.

டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் நிலத்தின் பெரிய பகுதியில் இன்று நிற்பதும் ஒரு பல்கலைக்கழகம்தான். இனஒதுக்கல் காலத்தில் வெள்ளை மாணவர்களுக்காக அங்கே ஒரு தொழில்நுட்பக் கல்லூரியைக் கட்டினார்கள். இப்போது அது பெயர் மாறி எல்லோருக்குமான தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக இருக்கிறது. ஆண்டுதோறும் பிப்ரவரி 11 அன்று பழைய குடிகள் அந்த வெளியில் நடந்துபோய், ஆளுக்கொரு கல்லைக் குவியலில் வைக்கிறார்கள். அந்த வளாகத்தில் படிக்கும் ஒரு பிள்ளைக்கு மக்கள் வரலாறு கற்பிக்க நினைக்கும் ஆசிரியர், தொலைதூர ஊர் எதற்கும் பேருந்து பிடிக்க வேண்டியதில்லை. வகுப்பறைத் தரைக்கு அடியில் யார் வீடு இருந்தது என்று கேட்கச் சொன்னால் போதும். பதில், ஒரு தேவாலயத் தரையில் எழுதியிருக்கிறது.